லைசென்ஸ் வேண்டாம்... ஆனா ரூல்ஸ் உண்டு! சைக்கிளில் சந்திப்புகளைக் கடப்பது எப்படி?

ஸ்கூட்டர் ஓட்ட வேண்டுமா? எல்.எல்.ஆர் போட வேண்டும். எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கே 16 வயது ஆகியிருக்க வேண்டும். சைக்கிளுக்கு இது எதுவும் கிடையாது. கால் எட்டினால் போதும், ரோட்டுக்கு வந்துவிடலாம்.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் சேர்ந்ததும் விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. அதுவரை தெருவுக்குள் தோழியின் சைக்கிளில் ரவுண்டு அடித்துக்கொண்டிருந்த பிள்ளை, அடுத்த வாரமே லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற மெயின் ரோட்டில் தனியாகப் போகிறது. நடுவில் யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. சைக்கிள் கொடுக்கும் விழாவில் போட்டோ எடுப்பார்கள், அவ்வளவுதான்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அந்த ஓராண்டில் இங்கே 17,884 பேர் இறந்திருக்கிறார்கள்.

சைக்கிளுக்குச் சட்டம் உண்டா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் கணக்கில் சைக்கிள் 'மோட்டார் வாகனம்' இல்லை. அதனால் பதிவு எண், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129-வது பிரிவும் மோட்டார் சைக்கிளுக்குத்தான். (கட்டாயம் இல்லை என்பதால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மண்டை எல்லோருக்கும் ஒன்றுதான்.) இப்போது நிறைய வீடுகளில் வாங்கும் பேட்டரி சைக்கிளுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மோட்டார் திறன் 250 வாட்ஸுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான் இந்தச் சலுகை. அதைத் தாண்டினால் அது பைக் கணக்கில் வந்துவிடும்.

அப்படியென்றால் சைக்கிளில் எப்படி வேண்டுமானாலும் போகலாமா? முடியாது. பொது வழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு 'எந்த வாகனமும்' என்றுதான் சொல்கிறது. பழைய ஐ.பி.சி 279-ல் இருந்தது அப்படியே இங்கே வந்திருக்கிறது. சிக்னலை மீறிப் போய் ஒரு பாட்டியை இடித்துவிட்டு 'நான் சைக்கிள்தானே' என்று தப்பிக்க முடியாது.

நம் தாத்தாக்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். சைக்கிளுக்கு உள்ளாட்சியில் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டிய காலம் அது. 'டபுள்ஸ்' போனால் போலீஸ் நிறுத்தும், டைனமோ லைட் எரியாவிட்டால் காற்றைப் பிடுங்கிவிடும். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால், இருட்டில் விளக்கில்லாத சைக்கிளை யாரோ ஒருவர் நிறுத்திக் கேட்டார் என்பது எவ்வளவு நல்ல விஷயம்! இன்றைக்கு யார் கேட்கிறார்கள்?

ஓரம்... எவ்வளவு ஓரம்?

இடப்பக்கம் போக வேண்டும், சரி. ஆனால் 'ஓரமா போ, ஓரமா போ' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை ரோட்டின் விளிம்புக்குத் தள்ளிவிடுகிறோம். விளிம்பில் என்ன இருக்கிறது? மணல், கண்ணாடித்துண்டு, மழைநீர் வடிகாலின் கம்பி மூடி, தாரும் மண்ணும் சேரும் இடத்தில் ஒரு படி. அந்தப் படியில் சக்கரம் இறங்கி, மறுபடி ஏற முயற்சி செய்யும்போதுதான் சைக்கிள் சறுக்கி ரோட்டுப் பக்கமாக விழும். அதனால் விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்கோட்டில் போக வேண்டும். நிறுத்தியிருக்கும் கார்களைத் தாண்டும்போதும் அதே கை நீளம். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. காருக்குக் கார் இடைவெளியில் உள்ளே புகுந்து வெளியே வருவதைவிட நேராகப் போவது நல்லது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று தெரிய வேண்டும்.

பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவில்

சந்திப்புகளில் சைக்கிளுக்கு மிகப் பெரிய ஆபத்து எது என்று கேட்டால் பெரும்பாலும் 'ரைட் எடுப்பது' என்பார்கள். என்னைக் கேட்டால், இடது பக்கம் திரும்பும் பஸ்ஸும் லாரியும்தான். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீளமான வண்டி திரும்பும்போது அதன் முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் போகாது. பின்சக்கரம் உள்பக்கமாக, அதாவது ஓரத்தை ஒட்டி, வெட்டிக்கொண்டு வரும். டிரைவர் திருப்பத்துக்கு இடம் வேண்டும் என்று முதலில் வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்குவார். பார்க்கிற நமக்கு 'ஆஹா, ஓரத்தில் வழி விட்டுட்டார்' என்று தோன்றும். உள்ளே நுழைவோம். அடுத்த நொடி பஸ் இடப்பக்கம் மடங்கும். முன்னால் இருந்த இடம் பின்னால் இருக்காது. டிரைவரின் இருக்கை வலப்பக்கம் இருப்பதால், வண்டியின் இடப்பக்க அடிப்பகுதியில் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவருக்குத் தெரியவே தெரியாது.

அதனால் சிக்னலில் பஸ், லாரி, தண்ணீர் டேங்கர் நின்றால் அதன் பக்கவாட்டில் போய் நிற்காதீர்கள். பின்னால் நில்லுங்கள். முன்னால் போய் நிற்பதாக இருந்தால் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். உயரமான லாரியின் மூக்குக்குக் கீழே நின்றால் அதுவும் மறைவிடம்தான். சுலபமான அளவுகோல் ஒன்று இருக்கிறது. டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அவருக்கு நீங்களும் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி, ஹெல்மெட் என்று முகம் தெரியாத வண்டிகளில் முன்சக்கரத்தைப் பாருங்கள். இண்டிகேட்டரைப் போட மறப்பார்கள். சக்கரம் திரும்பாமல் வண்டி திரும்பாது.

பஸ் ஸ்டாப்பிலும் இதே கதை. நிற்க வருகிற பஸ்ஸை இடப்பக்கமாக முந்த முயற்சி செய்யக் கூடாது. அங்கே சக்கரம் மட்டுமல்ல, படியிலிருந்து குதிக்கிற ஆட்களும் இருப்பார்கள்.

இன்னொன்று, 'ஃப்ரீ லெஃப்ட்'. சிவப்பு விழுந்தாலும் இடப்பக்கம் போகலாம் என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட பிறப்புரிமை ஆகிவிட்டது. அனுமதிப் பலகையோ, பச்சை அம்புக்குறியோ இருந்தால்தான் போகலாம். நேராகப் போக வேண்டிய சைக்கிள்காரர் சிவப்புக்காக இடது ஓரத்தில் நின்றால், பின்னால் இருந்து ஹாரன் அடித்தே விரட்டுவார்கள். அந்த ஹாரனுக்குப் பயந்து சிவப்பில் முன்னே உருள்பவர்களைத் தினமும் பார்க்கலாம். ஃப்ரீ லெஃப்ட் பலகை இருக்கும் சந்திப்பில், நேராகப் போக வேண்டுமானால் முன்கூட்டியே பின்னால் பார்த்து, அந்தப் பாதைக்கு வலப்பக்கமாக வந்து நின்றுவிடுங்கள். பலகை இல்லாத இடத்தில் ஹாரன் அடிப்பவர் காத்திருக்கட்டும்.

வலது பக்கம் திரும்ப ஒரு நல்ல வழி

நான்கு முனை சிக்னல். நீங்கள் வலப்பக்கம் போக வேண்டும். பைக்காரர்கள் செய்வதுபோல் நடுரோட்டுக்கு வந்து, எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவில் காத்திருந்து திரும்பலாம். 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிற சைக்கிளுக்கு அது சரிப்பட்டு வராது.

இரண்டு கட்டமாகத் திரும்புங்கள். பச்சை விழுந்ததும் இடது ஓரத்திலேயே நேராகப் போய்ச் சந்திப்பைக் கடந்து, எதிர்ப்பக்கத்தின் இடது மூலைக்குப் போய்விடுங்கள். அங்கே இடப்பக்க ரோட்டில் சிவப்புக்காக வண்டிகள் காத்திருக்கும். அவற்றுக்கு முன்னால், இடப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்கு வழி மறிக்காமல், சைக்கிளை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். அவர்களுக்குப் பச்சை விழுந்ததும் அவர்களோடு சேர்ந்து நேராகப் போனால், நீங்கள் போக வேண்டிய ரோட்டில் இருப்பீர்கள். ஒரு சிக்னல் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அதிகபட்சம் ஒன்றிரண்டு நிமிடம். நம்மைப் போலவே இடப்பக்கம் வண்டி ஓட்டுகிற ஆஸ்திரேலியாவில் இதற்கு 'ஹுக் டர்ன்' என்று பெயர். மெல்போர்ன் நகர மையத்தில் டிராம் ஓடும் பல சந்திப்புகளில் கார்களே இப்படித்தான் திரும்ப வேண்டும்.

கை காட்டுவதில் ஒரு சின்ன நுணுக்கம். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை பிரேக் முன்சக்கரத்துக்கு, இடக்கை பிரேக் பின்சக்கரத்துக்கு. வலக்கையை நீட்டும்போது உங்களிடம் பின்பிரேக் இருக்கிறது, பரவாயில்லை. இடக்கையை நீட்டும்போது முன்பிரேக் மட்டும்தான் இருக்கும். ஒற்றைக் கையோடு அதை அழுத்திப் பிடித்தால் தலைகுப்புற விழ வாய்ப்பு உண்டு. திரும்புவதற்குக் கொஞ்ச தூரம் முன்பே கையைக் காட்டிவிட்டு, திரும்பும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும்.

ரவுண்டானா, யூ டர்ன், மேம்பாலம்

கோவையில் லாலி ரோடு சந்திப்பு போன்ற இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ டர்னும் கொண்டுவந்திருக்கிறார்கள். கார்களுக்கு நேரம் மிச்சம். ரவுண்டானாவின் விதி எளிது. உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. நீங்கள் நுழையும்போது வலப்பக்கம் பார்த்து வழி விடுங்கள். உள்ளே போன பிறகு ஒரு சிக்கல் இருக்கிறது. ஓரமாகவே சுற்றினால், ஒவ்வொரு வெளியேறும் வழியிலும் யாரோ ஒருவர் உங்கள் முன்சக்கரத்தைக் குறுக்கே வெட்டுவார். உங்கள் வழி வரும்வரை வலக்கையை லேசாக நீட்டி 'இன்னும் சுற்றுகிறேன்' என்று காட்டலாம். பெரிய ரவுண்டானாவில், பீக் அவரில், இறங்கி ஜீப்ரா கிராஸிங்கில் தள்ளிக்கொண்டு போவதில் எந்த அவமானமும் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நீங்களும் பாதசாரிதான்.

யூ டர்ன் ஏற்பாடு சைக்கிளுக்குச் சரியாக யோசிக்கப்படவில்லை என்பது என் கருத்து. வலப்பக்கம் திரும்பத் தடை போட்டு, தள்ளிப் போய் யூ டர்ன் அடித்து வரச் சொன்னால், கார்காரருக்கு ஒரு நிமிடம். சைக்கிள்காரருக்குக் கூடுதல் மிதியோடு, ஓரத்திலிருந்து மீடியன் வரைக்கும் எல்லா லேனையும் குறுக்காக வெட்டிப் போகும் ஆபத்தும் சேர்கிறது. அங்கேயும் இறங்கித் தள்ளிக் கடப்பதுதான் வழி. கடக்க நடைபாதை இருந்தால்!

சென்னை கத்திப்பாரா இன்னொரு ரகம். 2008-ல் திறந்த இந்த 'குளோவர் இலை' மேம்பாலத்தில் சிக்னலே கிடையாது என்பதுதான் பெருமை. சைக்கிளில் போகிறவருக்கு அதுவேதான் பிரச்னை. எந்த நேரத்திலும் வண்டி நிற்காது. வளைவுகள் எல்லாம் இடப்பக்கத்திலிருந்து வந்து சேரும், இடப்பக்கம் பிரிந்து போகும். அதாவது, சைக்கிள் போகிற அதே ஓரத்தில். இந்த மாதிரி இடங்களில் துணிச்சல் காட்டுவதைவிட உள்தெருக்களில் ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போவது மேல். மேப் ஆப்பில் 'நடந்து செல்ல' என்பதைப் போட்டுப் பார்த்தால் காருக்குக் காட்டாத சந்துகள் தெரியும்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் நாம் முன்னோடிதான்.

என் தங்கையும் ஐந்து கம்பமும்

எங்கள் வீடு செங்கல்பட்டு மாவட்டத்தில், ஜி.எஸ்.டி சாலையின் ஒரு பக்கம். தங்கை படிக்கும் பள்ளி மறுபக்கம். நடுவில் சிக்னல் இல்லாத மீடியன் இடைவெளி. சைக்கிள் கிடைத்த அன்றிலிருந்து அம்மா அதைத் திண்ணையிலேயே நிறுத்தி வைத்திருந்தார். "பஸ்ஸுலயே போகட்டும், எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்பார். தங்கைக்கோ ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சைக்கிளில் வருகிறார்கள். "அக்கா, நீயாவது சொல்லேன்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் அந்த இடைவெளிக்குப் போனோம். முதல் வேலை, ஸ்டாப் வாட்ச். நின்ற இடத்திலிருந்து மிதித்து, இரண்டு லேனைக் கடந்து மீடியனைத் தொட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? வண்டி வராத நேரத்தில் மூன்று முறை பார்த்தோம். ஐந்திலிருந்து ஆறு நொடி. பள்ளிப் பையோடு என்றால் ஆறு.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். ஆறு நொடியில் 130 மீட்டருக்கு மேல். எங்கள் ஊர் மீடியனில் விளக்குக் கம்பங்கள் சுமார் 30 மீட்டருக்கு ஒன்று. நடந்து அளந்தோம். ஆகவே ஐந்தாவது கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி வந்துவிட்டால் கடக்கக் கூடாது. 'ரொம்ப தூரத்துல வருது' என்ற குத்துமதிப்பு போய், எண்ணிப் பார்க்க ஒரு கம்பம் வந்தது. மழையானாலோ, பின்னால் தோழி உட்கார்ந்திருந்தாலோ ஐந்து போதாது. (பின்னால் யாரையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம்.)

அடுத்தது மீடியன். சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். மீடியன் அதைவிடக் குறுகலாக இருந்தால், நேராக நிறுத்தும்போது முன்சக்கரமோ பின்சக்கரமோ ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எனவே இறங்கி, மீடியனோடு சாய்வாக நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு மறுபாதிக்குப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். முதல் பாதியின் தைரியத்தில் அப்படியே போய்விடக் கூடாது.

ஒரு லாரி நின்று "போம்மா" என்று கை காட்டினால்? டிரைவர் நல்லவர்தான். ஆனால் அவருக்கு அந்தப் பக்க லேனில் வருகிற காருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். லாரியின் மறுமுனை வரை மெதுவாகப் போய், தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த லேன். ராங் சைடில் வரும் பைக்கையும் எதிர்பார்க்க வேண்டும். ஒரு வழிப் பாதையில் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும் என்று புத்தகத்தில் இருக்கலாம். நம் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

ராங் சைடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யூ டர்ன் தூரமாக இருப்பதால் பிள்ளைகள் எதிர்த்திசையில் ஓரமாகப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிறதே, பாதுகாப்புதானே என்பார்கள். 60-ல் வரும் பைக்கும் 15-ல் போகும் சைக்கிளும் ஒரே திசையில் போனால் வேக வித்தியாசம் 45. எதிரெதிரே வந்தால் 75. அதோடு, குறுக்குத் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுகிறவர் வலப்பக்கம் பார்த்துத்தான் ஏறுவார். இடப்பக்கத்திலிருந்து நீங்கள் வருவது அவர் கணக்கிலேயே இல்லை.

அம்மா இரண்டு வாரம் அந்த இடைவெளி வரை கூடவே நடந்தார். இப்போது வாசலோடு நின்றுகொள்கிறார். போய்ச் சேர்ந்ததும் தோழியின் அம்மா போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் வர வேண்டும், அது மட்டும் மாறவில்லை.

மழை, இருட்டு, தண்டவாளம்

மழையில் இரும்பும் பெயின்ட்டும் சோப்பு மாதிரி. மெட்ரோ வேலை நடக்கும் சென்னை ரோடுகளில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, ஜீப்ரா கோடு... இவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திரும்பாதீர்கள். வேகத்தை முன்பே குறைத்துவிட்டு நேராகக் கடங்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளம் சாய்வாகப் போனாலும் சைக்கிள் அதற்குச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் பள்ளத்தில் மாட்டும்.

டியூஷன் முடிந்து இருட்டில் வருகிற பிள்ளைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு அவசியம். சார்ஜ் போடும் சின்ன விளக்குகள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பெடலில் இருக்கும் ரிஃப்ளெக்டரைச் சேறு மறைத்திருந்தால் துடையுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சம் என்பதால் அது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஒருவேளை அடிபட்டுவிட்டால்...

முதலில் 108. உதவி செய்தவரைச் சாட்சி சொல்ல வா என்று அலைக்கழிப்பார்களோ என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லிக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, அதனால் எதுவும் கிடைக்காது என்று நினைத்து, இடித்தவர் கையில் திணிக்கும் ரூபாயை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போய்விடுகிற குடும்பங்கள் நிறைய. இடித்த வண்டியின் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் உங்களுக்கானது. யார்மேல் தவறு என்று நிரூபிக்காமலே 164-வது பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். முழு இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது 2019 திருத்தம்.

இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால்? 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. மனுவைக் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் இதற்கென இருக்கும் விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். எதற்குப் போனாலும் எஃப்.ஐ.ஆர் வேண்டும். அதனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் ஸ்டேஷனில் புகாரைப் பதிவு செய்து நகல் வாங்கிவிடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்து பில், நசுங்கிய சைக்கிளின் போட்டோ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.